கரண்ட்டா, பெட்ரோலா?

பழைய பெட்ரோல் அம்பாசிடர் நடுவழியில் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் பானெட்டைத் தூக்குகிறார்கள். அதற்கு அவசரமே இல்லை. வண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அது எப்படி நின்றது என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சாவியை அணைத்த மாதிரி பட்டென்று நின்றதா, இல்லை இழுவை குறைந்து, குலுங்கி, இருமி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகிப் போய் நின்றதா? பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. இருமி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். இதில் விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன், ஆனால் பத்தில் எட்டு தடவை இந்தக் கணக்கு தப்பாது.

என்னிடம் இருப்பது எண்பதுகளில் வந்த மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது), பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுப்பது; பாயிண்ட் அதற்குள் திறந்து மூடும் சுவிட்ச்). இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற காரைத்தான் வங்காளத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஐம்பதுகளின் கடைசியில் அம்பாசிடர் என்று போட ஆரம்பித்து, 2014 மே மாதம் வரை ஓட்டினார்கள். எஞ்சின் பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ். இதே 1489 சிசி எஞ்சினுக்குக் கொஞ்சம் மிளகாய் தூவித்தான் எம்ஜிஏ என்கிற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள் என்று சொன்னால் நம்ம டாக்சி ஸ்டாண்டில் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு இந்த எஞ்சின் பிடித்ததற்குக் காரணம் வேகம் இல்லை. பானெட்டுக்குள் கை, முழங்கை எல்லாம் போக இடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கெட்டுப்போன பொருளைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம்.

சரி, பட்டென்று நின்ற கேஸை முதலில் எடுப்போம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில், பேட்டரி கரண்ட்டைப் பொறி தாவும் அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயர் இருக்கும். அதைப் பிடுங்கி, நுனியை எஞ்சின் இரும்புக்கு ஒரு கால் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். வெறுங்கையில் பிடிக்கக்கூடாது, காய்ந்த துணியோ ரப்பர் செருப்போ வைத்துப் பிடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிந்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். நீலமாக, சத்தத்தோடு பொறி தாவினால் காயில், பாயிண்ட், அதோடு சேர்ந்த கண்டென்சர் (அதன் வேலையைப் பிறகு சொல்கிறேன்) மூன்றும் சரி; கோளாறு மூடியிலோ, அதற்குள் சுற்றும் ரோட்டாரிலோ, பிளக்கிலோ இருக்கிறது, அல்லது கரண்ட் கோளாறே இல்லை. மஞ்சளாக, மெலிதாக, இப்பவோ அப்பவோ என்று வந்தால் பாயிண்ட் அல்லது கண்டென்சர். வரவே இல்லை என்றால் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டியதுதான்.

உள்ளே பார்க்கும்போது நிறையப் பேர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பாயிண்ட்டுக்கு வரும் குட்டி ஒயர், அப்புறம் பாயிண்ட் உட்காரும் பிளேட்டை எர்த் செய்யும் பின்னல் ஒயர். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் எஞ்சின் உறிஞ்சலை வைத்துப் பொறி விழும் நேரத்தை மாற்றும் வேக்கம் அட்வான்ஸ் அந்தப் பிளேட்டை முன்னும் பின்னும் அசைக்கும். வருஷக்கணக்காக அசைந்து அசைந்து ஒயரின் உறை நன்றாகவே இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்து போயிருக்கும். நின்ற நிலையில் எல்லாம் சரியாக இருக்கும், ஓவர்டேக் செய்ய மிதித்தவுடன் செத்துப்போகும். மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் அதுதான் ஆள். ஹார்ன் ஒயரிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது.

மூடிக்குள் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன கார்பன் இருக்கும். அது தேய்ந்து தொலைந்துபோனால் வண்டி நகராது. இதற்குப் பழைய டிரைவர்கள் செய்யும் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டார்ச் லைட் பேட்டரியை உடைத்தால் (சாதாரண கட்டை பேட்டரி, ரீசார்ஜ் வகை இல்லை) நடுவில் கரிக்கம்பி இருக்கும். அதில் ஒரு துண்டை உடைத்து, ரோட்டிலேயே தேய்த்து அளவாக்கிச் சொருகிவிடுவார்கள். மாசக்கணக்கில் ஓடும்.

பாயிண்ட் கேப் 15 தவ், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. ஃபீலர் கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு வைத்துச் சரிபார்க்கலாம், வீடு வரை போக அந்தத் துல்லியம் போதும். பாயிண்ட் முகம் கருத்திருந்தால் நைஸ் உப்புத்தாளை மடித்து ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான துணியால் ஒரு துடைப்பு. அதற்கு மேல் ராவிக்கொண்டே இருந்தால் முகம் கோணிக்கொள்ளும்.

இப்போது விதிவிலக்குக்கு வருகிறேன். ரோட்டில் ஆளைச் சுற்றலில் விடுவது ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டி இல்லை, சூடானால் நின்று ஆறினால் கிளம்பும் வண்டிதான். அரை மணி நேரம் ஓடும், நிற்கும். டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நிற்காது. இதற்கு மூன்று பேர்மேல் சந்தேகப்படலாம்: காயில், கண்டென்சர், பெட்ரோல் பம்ப். காயிலுக்குள் சுற்றிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கண்டென்சரும் அப்படியே. பம்பின் கதை வேறு. எக்ஸாஸ்ட் சூடு படும் இடத்திலேயே பம்பும் பெட்ரோல் குழாயும் இருப்பதால் உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், பம்ப் ஆவியை அமுக்கிக்கொண்டே இருக்குமே ஒழிய பெட்ரோல் மேலே ஏறாது. இதைத்தான் வேப்பர் லாக் என்பார்கள். மலையேறும்போது இது ரெட்டிப்பாகும், ஏனென்றால் இரண்டாவது கியரில் எஞ்சின் கத்திக்கொண்டு போகும், காற்றோட்டம் இருக்காது, உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

மூன்றையும் பிரிக்க வழி ஒன்றுதான். நின்ற அந்த நிமிடத்தில், ஆறுவதற்கு முன்னால், கரண்ட்டைப் பார்த்துவிட வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கும்.

ஒரு மே மாத மதியம், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். 40 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு. ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க எல்லோரும் இறங்கும் லோம்ஸ் வியூ வரும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மிஸ்ஸிங் ஆக ஆரம்பித்தது. கார்புரேட்டரில் ஒரு பேக் ஃபயர், அப்புறம் நின்றுவிட்டது. கூட வந்த மாமனார் லாரி ஓட்டியவர். டீசல் வண்டியில் ஏர் பிடிப்பது சகஜம் என்பதால் அவருக்கு எந்த வண்டி நின்றாலும் ஒரே வைத்தியம். "மாப்ள, ஏர் புடிச்சிருக்குதுங்க, பம்ப்ல தண்ணி ஊத்துங்க" என்று குடிக்க வைத்திருந்த பாட்டிலைத் திறந்தேவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மே மாதம், மலை ரோடு, மதியம், மிஸ்ஸிங், எல்லாம் வேப்பர் லாக்குக்கே பொருந்துகிறது. ஆனாலும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் கரண்ட் பார்த்தேன். மஞ்சள் பொறி, நூல் மாதிரி. மூடியைக் கழற்றி, மாமாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அங்கேயே பளிச் பளிச் என்று எரிகிறது. அது கண்டென்சர் செத்ததற்கு அடையாளம்.

காரணம் எளிது. பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சட்டென்று அறுபட வேண்டும், அறுபட்டால்தான் பிளக்கில் பலமான பொறி கிடைக்கும். ஆனால் ஓடும் கரண்ட் அவ்வளவு சுலபத்தில் நிற்காது, பாயிண்ட்டின் இடைவெளியைத் தாவி ஓடப் பார்க்கும். அந்த நேரத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்கிற பாத்திரம் கண்டென்சர். அது செத்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் பாயிண்ட்டிலேயே எரிந்து தீரும், பாயிண்ட்டும் கருகும். ஒரு சின்ன தகர உருளை, ஒரு ஸ்க்ரூ, ஒரு ஒயர், அவ்வளவுதான் சாமான். அதன் அளவு 0.2 மைக்ரோஃபாரட் சுற்றுவட்டாரம். பாயிண்ட் வைத்த எந்த வண்டியின் கண்டென்சரும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும் என்பது இங்கே உதவிக்கு வந்தது.

மேலிருந்து ஒருவர் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் இறங்கி வந்தார். "ஏனுங்ண்ணா, என்னாச்சுங்க?" என்று நிறுத்தினார். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் சைடு பாக்ஸில் பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கேட்டேன், இருந்தது. உள்ளே பொருந்தாது, பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. உருளையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே ஒரு போல்ட்டில் கட்டுக்கம்பியால் இறுக்கி எர்த் கொடுத்து, அதன் ஒயரைக் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்கு வரும் முனையில் சேர்த்தேன். முதல் செல்ஃபிலேயே கிளம்பியது. புல்லட்காரர் காசு வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை, புதுசின் விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நியாயம்தான், அந்த வளைவில் அது பத்து மடங்கு பெறும். மாமா மட்டும் வால்பாறை போய்ச் சேரும்வரை "இருந்தாலும் பம்ப்புக்கும் கொஞ்சம் தண்ணி காட்டியிருக்கலாம்" என்றார்.

பம்ப்தான் குற்றவாளி என்றால் அவர் வைத்தியமே சரி. ஈரத்துணியைப் பம்பின்மேலும் குழாய்மேலும் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் போதும். காயிலில் சந்தேகம் இருந்தாலும் ஈரத்துணிதான், ஆனால் உடம்பில் மட்டும், ஒயர் சொருகும் வாயில் தண்ணீர் படக்கூடாது. துணி சுற்றியதும் உயிர் வந்தால் அடுத்த ஊரில் புதுக் காயில் வாங்கிவிடுங்கள், அது இனி நம்மை விடாது.

இருமி நின்ற கேஸ், அதாவது பெட்ரோல். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, பம்பில் இருக்கும் கை நெம்பை அசைத்தால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். நெம்பு லூசாக ஆடினால் எஞ்சினை ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள், உள்ளே பம்பை அசைக்கும் கேம் அதைத் தூக்கி வைத்திருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, மூடியை லூசாக வைத்தே வீடு போகலாம். பம்புக்குள் இருக்கும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்திருந்தால் ஆயில் கேஜ் கம்பியை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை அடிக்கும், கிழிந்த வழியாக எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கியிருக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். பம்ப் போன பிறகு கேனைப் பானெட்டுக்கு மேலே கட்டி, சலைன் டியூப் வழியாகக் கார்புரேட்டருக்கு நேராக விட்டு ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. வேலை செய்யும், மறுக்கவில்லை. கொதிக்கிற எக்ஸாஸ்ட்டுக்கு மேலே பிளாஸ்டிக் குழாயில் பெட்ரோல் தொங்குவதை நினைத்தால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்தும் சரியாக ஓடவில்லையா, பெட்ரோல் போகும் சின்னத் துளை உள்ள மெயின் ஜெட் அடைத்திருக்கும். சோலெக்ஸில் அதை வெளியிலிருந்தே ஒரு ஸ்பானர் போட்டுக் கழற்றலாம், மேல்மூடியைத் தொட வேண்டியதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாயால் ஊதுங்கள். கம்பி விடக்கூடாது, துளை பெரிதானால் அன்றிலிருந்து வண்டி பெட்ரோலைக் குடிக்கும். கழற்றவும் சோம்பேறித்தனமாக இருந்தால் ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, எஞ்சினை ரைஸ் செய்து, கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி மூடித் திறங்கள். அந்த உறிஞ்சலில் தூசி பாய்ந்து போய்விடும். பேக் ஃபயர் ஆகிற எஞ்சினில் மட்டும் இந்த வித்தை வேண்டாம், கை வெந்துவிடும். மாறாகப் பெட்ரோல் வழிந்து ஊற்றினால் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசியான நீடில் சிக்கியிருக்கிறது, மிதவை அறையின் பக்கத்தில் ஸ்பானர் கட்டையால் ரெண்டு தட்டு.

டேங்கில் கசிவு என்றால் 501 பார் சோப்பை நனைக்காமல் அழுத்தித் தேயுங்கள். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது, அதனால் நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ரேடியேட்டர் கொதிக்கும்போது மூடியைத் திருகி முகத்தை வேகவைத்துக்கொள்வதும், கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டை விரிசல் விட வைப்பதும் இன்றும் நடக்கிறது. அரை மணி நேரம் சும்மா நிற்க முடியாதா? ஹோஸ் கிழிந்தால் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பி போட்டு, ரேடியேட்டர் மூடியை முழுதாக இறுக்காமல் விட வேண்டும். அழுத்தம் ஏறாமல் இருந்தால் கட்டு தாங்கும், தண்ணீரை அவ்வப்போது பார்த்து ஊற்றிக்கொள்ளலாம். ரேடியேட்டரில் ஊசித் துளை என்றால் மஞ்சள் தூள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் செய்து பார்க்கட்டும், ஊறி உப்பித் துளையை அடைக்கிறது. கசியும் துளையை மட்டும் அடைக்காது, நல்ல குழாய்களையும் அடைக்கும் என்பதால் ஊருக்கு வந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும், அந்த மெக்கானிக்கிடம் திட்டும் வாங்க வேண்டும். ஃபேன் பெல்ட்டுக்குப் பதில் நைலான் கயிறு, கிழிந்த சேலை என்று கேள்விப்பட்டதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை, முடிச்சு புல்லியில் ஏறியதும் அறுந்துவிடும். பெல்ட் ஒன்று டிக்கியில் கிடந்தால் கதை முடிந்தது.

ரேடியேட்டருக்குள் எஞ்சின் ஓடும்போது குமிழி குமிழியாக வந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பாலாடை மாதிரி படிந்திருந்தாலோ, எஞ்சினுக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அங்கே ரோட்டு வேலை ஒன்றும் இல்லை. கட்டி இழுக்க ஆள் பாருங்கள்.

நிறுத்தும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவிலேயே நின்றுவிட்டால், முடிந்தால் ஆள் வைத்துத் தள்ளி நேர் ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள். பின்னால் இருபது முப்பது அடி தள்ளி மரக்கிளை ஒடித்துப் போடுவது நம்ம ஊர் லாரிக்காரர்கள் வழக்கம், மலையில் அதைவிட அதிக தூரம் தேவை. அம்பாசிடரின் ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் படுக்கக்கூடாது, சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். ராத்திரியில் பைக்கில் வருபவன் யாரோ வைத்துவிட்டுப் போன கல்லில் ஏறித்தான் விழுகிறான். கூட்டம் கூடும், அதைத் தடுக்க முடியாது. ஒருவர் பிளக்கைக் கழற்றச் சொல்வார், இன்னொருவர் டைமிங் என்பார், மூன்றாமவர் கார்புரேட்டருக்கு மேலே குனிந்து பீடியோடு எட்டிப் பார்ப்பார். அவரை மட்டும் கையைப் பிடித்து அப்பால் கொண்டுபோய் விடுங்கள். ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் கை வைக்க யாரையும் விடாதீர்கள், எதைத் தொட்டதால் ஓடியது, எதைத் தொட்டதால் கெட்டது என்பது அப்புறம் கடவுளுக்கும் தெரியாது.

டிக்கியில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டார், ஒரு பழைய காயில், ஃபேன் பெல்ட், சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, பனியன் வேஸ்ட், ரெண்டு பாட்டில் தண்ணீர், தரமான ஸ்பானர் செட். இங்கிலாந்து எஞ்சின் என்பதால் அங்குல அளவு ஸ்பானர் வாங்குங்கள், மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். சாமான் சென்னையில் ஜி.பி. ரோட்டில் இன்னும் கிடைக்கிறது, புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். பாயிண்ட், கண்டென்சர் வாங்கும்போது மலிவு டப்பாவை எடுக்காதீர்கள். பழைய லூகாஸ் டிவிஎஸ் சரக்கு கையில் கிடைத்தால் ரெண்டாக வாங்கி வையுங்கள்.

அப்புறம் இந்த எத்தனால். 2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. நம்ம வண்டியின் டயாஃப்ரமும் ரப்பர் குழாய்களும் அதற்காகச் செய்தவை இல்லை, ஊறிப் பொதபொதவென்று ஆகின்றன. முன்பெல்லாம் டயாஃப்ரத்தை மறந்தே போகலாம், இப்போது நான் வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன், குழாய்களை எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். பம்பை மாற்றிக் கொடுத்த மெக்கானிக் எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாம் சார், தொல்லை விட்டது என்கிறார். மாமாவும் அதையேதான் சொல்கிறார், அவருக்கு அதில் ஏர் பிடிக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இன்னும் முடிவு பண்ணவில்லை.